பல மாதம் நின்ற சிறு டிராக்டர் ஸ்டார்ட் ஆகாவிட்டால் எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது

தை, மாசி அறுவடை முடிந்து கொட்டகையில் நிறுத்திய சிறு டிராக்டரை, மேட்டூர் அணையில் தண்ணீர் திறக்கும் ஜூன் 12-ஐ எதிர்பார்த்துக் குறுவை உழவுக்காக வெளியே எடுக்கும்போதுதான் அது ஸ்டார்ட் ஆக மறுப்பது தெரியவரும். அவசரத்தில் சாவியைத் திருகிக்கொண்டே இருந்து பேட்டரியைத் தீர்த்துவிடுவதும், அடுத்த கட்டமாக, நாசிலுக்கு டீசலை அழுத்தித் தரும் பம்பைக் கழற்றிப் பட்டறைக்குத் தூக்கிப் போவதும் நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டன. உண்மையில் நின்று கிடந்த வண்டியின் கோளாறு பெரும்பாலும் பம்புக்கு முந்தைய பகுதியில், அதாவது பேட்டரி முனையிலோ, டீசல் டேங்கிலோ, ஃபில்டரிலோ, ஒரு ரப்பர் குழாயிலோதான் இருக்கும். இரண்டு ஸ்பேனர், ஒரு வோல்ட் மீட்டர், ஒரு கண்ணாடிப் பாட்டில், சுத்தமான துணி ஆகியவை இருந்தால் அவற்றை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

இங்கே சொல்லப்படுவது 15 முதல் 30 குதிரைத்திறன் வரையுள்ள, ஒன்று முதல் மூன்று சிலிண்டர் கொண்ட, இயந்திர முறையில் இயங்கும் டீசல் பம்ப் உள்ள டிராக்டர்களுக்குப் பொருந்தும். 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய புகைக் கட்டுப்பாடு 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கானது என்பதால், சிறு வண்டிகளில் கணினிக் கட்டுப்பாடு இல்லாத பழைய வகைப் பம்பே இன்னும் பரவலாக இருக்கிறது. பழுது பார்ப்பவருக்கு அது பெரிய வசதி.

டீசல் இன்ஜினில் தீப்பொறி எழுப்பும் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் வந்த காற்றைப் பிஸ்டன் 16-இல் ஒரு பங்கு முதல் 22-இல் ஒரு பங்கு வரை இறுக்கும்போது அந்தக் காற்று 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகிறது; அதில் நாசில் டீசலைப் பனிபோல் தூவியதும் அது தானாகவே பற்றிக்கொள்கிறது. ஆகவே இன்ஜின் போதிய வேகத்தில் சுழல வேண்டும், காற்று வர வேண்டும், அந்தக் காற்று கசியாமல் இறுக வேண்டும், டீசல் சரியான அழுத்தத்தில் வர வேண்டும். ஸ்டார்ட் ஆகாததற்கான காரணம் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றில்தான் இருக்கும்.

முதலில் கருவியே இல்லாமல் பார்க்க வேண்டியவை

கியரை நியூட்ரலில் வைத்து, பிரேக்கைப் பூட்டி, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் அல்லது கட்டை கொடுத்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். சிறு டிராக்டர்கள் பலவற்றில் கிளச்சை மிதிக்காமல் இருந்தாலோ, ரோட்டவேட்டர் போன்ற கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. லீவர் போட்டிருந்தாலோ, கியர் நியூட்ரலில் இல்லாமல் இருந்தாலோ இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரம் போகாதபடி பாதுகாப்பு சுவிட்ச் வைத்திருப்பார்கள். ரோட்டவேட்டர் ஓட்டி முடித்து லீவரைப் போட்டபடியே நிறுத்தியிருந்தால், சாவியைத் திருகும்போது எந்தச் சத்தமும் வராது. வண்டியில் கோளாறும் இருக்காது.

அடுத்தது ஸ்டாப் நாப். இன்ஜினை நிறுத்த வெளியே இழுக்கும் அந்தக் கம்பி, பல மாதம் அசையாமல் இருந்தால் உறைக்குள் துருப்பிடித்து இறுகிவிடும். டேஷ்போர்டில் நாப் உள்ளே போனதுபோல் தெரிந்தாலும், மறுமுனையில் பம்பின் மேலுள்ள சிறு லீவர் நிறுத்தும் நிலையிலேயே நின்றுவிடலாம். நாப்பை நம்பாமல் பம்பின் பக்கத்தில் போய் நின்று, ஒருவரை நாப்பை இழுத்துத் தள்ளச் சொல்லி, லீவர் முழுதாகத் திரும்பி வருகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். நாப்புக்குப் பதிலாக, மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான சோலினாய்டு உள்ள வண்டிகளில், சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவந்ததும் பம்பின் அருகே "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும். அது கேட்காவிட்டால் ஃப்யூஸையும் அங்கே போகும் வயரையும் பாருங்கள். கொட்டகையில் நின்ற வண்டியில் எலி கடிக்காத வயர் இருந்தால் அது உரிமையாளரின் அதிர்ஷ்டம்.

செல்ஃப் சுற்றாதபோதும் மெதுவாகச் சுற்றும்போதும்

சாவியைத் திருகும்போது வரும் சத்தமே பாதி விடையைச் சொல்லிவிடும். "டக்டக்டக்" என்று அடுத்தடுத்துத் துடித்தால் பேட்டரியில் சக்தி இல்லை, அல்லது முனைகளில் தொடர்பு சரியில்லை. ஒரே ஒரு "டக்" வந்து அப்படியே நின்றால் செல்ஃப் சோலினாய்டின் தொடர்போ செல்ஃப் மோட்டாரோ கெட்டிருக்கலாம். இன்ஜினே இறுகியிருக்கவும் கூடும். "விர்ர்" என்று மோட்டார் மட்டும் தனியாகச் சுழன்று இன்ஜின் அசையாவிட்டால், செல்ஃபின் சிறு பல்சக்கரமான பினியன், இன்ஜினின் கனத்த சக்கரமான ஃப்ளைவீலின் பல்லைப் பிடிக்கவில்லை என்று பொருள்.

நன்றாக சார்ஜ் ஏறி, சில மணி நேரம் ஓய்ந்திருக்கும் 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் ஏறத்தாழ பாதிதான் மிச்சம். 12-க்குக் கீழே இறங்கியிருந்தால் வேறு எதையும் ஆராயாமல் சார்ஜ் போடுவதே முறை. ஓய்வு நிலையில் சரியான அளவு காட்டும் பேட்டரியும் ஏமாற்றும் என்பதால், செல்ஃப் அடிக்கும் நேரத்திலும் மீட்டரைப் பார்க்க வேண்டும். அப்போது 9.5 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரியின் உள்ளே செல் போயிருக்கலாம். பேட்டரி சரிவதில்லை, ஆனாலும் இன்ஜின் சோம்பிச் சுழல்கிறது என்றால் குற்றவாளி அநேகமாக, பேட்டரியின் நெகட்டிவ் முனையை வண்டியின் உடலோடு இணைக்கும் எர்த் கேபிள். செல்ஃப் அடிக்கும்போது மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான உலோகத்திலும் வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் துருவோ தளர்ந்த போல்ட்டோ இருக்கிறது. வெள்ளையாகவும் பச்சையாகவும் பூத்திருக்கும் முனைகளில் வெந்நீர் ஊற்றித் தேய்த்து, உலர்த்தி, உலோகம் பளிச்சிடும்வரை சுரண்டி மாட்டினால் புதுப் பேட்டரிக்கான செலவு பல நேரம் மிச்சமாகும்.

டீசல் இன்ஜினைப் பொறுத்தவரை மெதுவாகச் சுழல்வது பாதிக் கோளாறு அன்று, முழுக் கோளாறு. வேகம் குறைந்தால் இறுக்கப்பட்ட காற்றின் சூடு சிலிண்டர் சுவருக்குப் போய்விடுகிறது. டீசல் தாராளமாக வந்தாலும் பற்றாது. ஆகவே சுழற்சி சுறுசுறுப்பாக இல்லாதவரை டீசல் பக்கம் போவது வீண்வேலை. ஒவ்வொரு முறையும் 10 நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காமல், இடையில் ஒரு நிமிடமாவது ஆறவிட வேண்டும். விடாமல் அடித்தால் செல்ஃப் மோட்டாரின் சுருள் கருகிப் புதிதாக ஒரு கோளாறு சேரும்.

ஸ்க்ரூடிரைவரை வைத்துச் செல்ஃபின் இரு முனைகளையும் நேராக இணைத்து வண்டியைக் கிளப்பும் பழக்கத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். அப்படிச் செய்யும்போது எல்லாப் பாதுகாப்பு சுவிட்சுகளும் விலக்கப்பட்டுவிடுகின்றன. கியரில் இருந்த டிராக்டர், பின்சக்கரத்தின் முன் நிற்பவர்மேல் ஏறிவிடும். இன்ஜின் பிடித்த நொடியில் விலக அவருக்கு நேரமே இருக்காது. இதை எந்த அவசரத்திலும் செய்யக் கூடாது.

சுழல ஆரம்பித்து "தொம்" என்று மோதியதுபோல் நின்றால் இன்னும் கவனம் தேவை. மேல்நோக்கிய சைலன்சர் உள்ள டிராக்டரை மூடி இல்லாமல் வெட்டவெளியில் நிறுத்தினால், ஐப்பசி, கார்த்திகை மழை அதன் வழியே இறங்கி, திறந்திருக்கும் வால்வு வழியாகச் சிலிண்டருக்குள் தேங்கிவிடும். தண்ணீர் காற்றைப்போல் இறுகாது என்பதால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சந்தேகம் வந்தால் செல்ஃபைத் தொடாமல், நாசில்களைக் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெல்லச் சுற்றித் தண்ணீர் வெளியே வருகிறதா என்று பார்க்க வேண்டும். வேறொரு வண்டியில் கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்வது இந்த நிலையில் இன்ஜினுக்கு முடிவு கட்டுவதாகும்.

நன்றாகச் சுழல்கிறது, பிடிக்கவில்லை: சைலன்சரைப் பாருங்கள்

ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் சைலன்சரைக் கவனிக்க வேண்டும். புகையே வரவில்லை என்றால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, ஆனால் பற்றவில்லை. கரும்புகை வந்தால் காற்று போதவில்லை. பல மாதம் நின்ற வண்டியில் பத்தில் எட்டு முறை புகையே வராது என்பது என் கணிப்பு. எனவே டீசல் வழியைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

டேங்கில் டீசல் இருப்பதும் டேப் திறந்திருப்பதும் தெரிந்த பிறகு, ஃபில்டருக்குப் போகும் குழாயை ஃபில்டர் முனையில் கழற்றி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சித் தரும் சிறு பம்பான ஃபீட் பம்ப் உள்ள வண்டியில் அதன் கை லீவரை அடித்தபடி பிடிக்க வேண்டும். விட்டுவிட்டு வந்தாலோ சொட்டினாலோ டேங்க் அடியில் உள்ள சல்லடையில் சருகோ துருவோ அடைத்திருக்கும். டேங்க் மூடியைத் திறக்கும்போது "உஸ்" என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால், மூடியில் உள்ள நுண்துளை மண்ணால் அடைபட்டிருக்கிறது. இப்படிப்பட்ட வண்டி அரைமணி நேரம் ஓடி நின்று, சற்று ஓய்ந்ததும் மீண்டும் ஓடும். பிடித்த டீசலைப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியே பிரிந்து நிற்கும். பாதி காலியாக நிறுத்திய டேங்கில் இரவுப் பனியின் ஈரம் சுவரில் படிந்து டீசலுக்குள் இறங்குவதாலும், கேனில் வாங்கிவந்த டீசலாலும் இது நேர்கிறது. தண்ணீரும் டீசலும் சேரும் மட்டத்தில் பாசிபோல் கறுத்த கொழகொழப்பு வளர்ந்து ஃபில்டரை அடைத்துக்கொள்வதும் உண்டு. அத்தகைய டேங்கை முழுவதும் வடித்துக் கழுவி, ஃபில்டர்களை மாற்றிவிட்டே அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

ஃபில்டரை மாற்றினாலோ டீசல் ஒருமுறை தீர்ந்தாலோ குழாய்களில் காற்றுப் புகுந்துவிடும். டீசல் இறுகாது; காற்று இறுகும். பம்பின் உள்ளே உள்ள தண்டான பிளஞ்சர் அழுத்தும்போது குழாயிலுள்ள காற்றுக் குமிழ் சுருங்கி விரிவதோடு சரி, நாசிலைத் திறக்கும் அழுத்தம் உருவாவதே இல்லை. இதைத்தான் ஏர் பிடித்துவிட்டது என்கிறோம். இந்த ஏரை எடுப்பதை டேங்க் பக்கத்திலிருந்து நாசிலை நோக்கி வரிசையாகச் செய்ய வேண்டும். வரிசை மாறினால் எடுத்த இடத்திலேயே மீண்டும் ஏர் வந்து சேரும்.

டேங்கில் பாதிக்கு மேல் டீசல் இருக்கட்டும். ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்க்ரூவைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட்டு, அதை இரண்டு சுற்றுத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கை லீவரை நிதானமாக அடியுங்கள். லீவர் எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று ஆடினால் பம்ப் கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். உள்ளே உள்ள கேம் உச்சியில் நின்றிருக்கும். இன்ஜினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அடித்தால் பிடிக்கும். முதலில் ஸ்க்ரூவின் மரையோரம் வெண்மையான நுரை கசியும். பிறகு பெரிய குமிழ்கள் ஒவ்வொன்றாக வெடித்து வரும். அப்புறம் குமிழ் சிறுத்து, இடைவெளி கூடி, கடைசியில் தெளிந்த டீசல் ஒரே சீராக வழியும். அது வழிந்துகொண்டிருக்கும்போதே, லீவர் அடிப்பதை நிறுத்தாமல், ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். இரண்டு ஃபில்டர் இருந்தால் இரண்டாவதிலும், அடுத்துப் பம்பின் உடலில் உள்ள ஏர் ஸ்க்ரூவிலும் இதையே செய்யுங்கள்.

பிறகு ஆக்சிலேட்டரை முழுதாகக் கொடுத்து, நாசில் முனையில் உள்ள குழாய் நட்டை, பெரும்பாலும் 17 அல்லது 19 எண் ஸ்பேனர் பிடிக்கும், ஒரு சுற்றுத் தளர்த்துங்கள். மூன்று சிலிண்டர் இருந்தால் இரண்டைத் தளர்த்தினால் போதும். நட்டின்மேல் துணியைப் போட்டுவிட்டு, எட்டு நொடி செல்ஃப் அடித்தால் முதலில் நுரையும் பிறகு துடித்துத் துடித்து டீசலும் வரும். உடனே இறுக்கிவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம். இங்கே கை மிகக் கவனம். நாசில் திறக்கும் அழுத்தம் வகையைப் பொறுத்துச் சதுர சென்டிமீட்டருக்கு 120 முதல் 250 கிலோ வரை இருக்கும். அந்தப் பீச்சல் பட்டால் வலி பெரிதாகத் தெரியாமலே டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளிதான் இருக்கும். அதைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தால் விரலையே இழக்க நேரிடும் என்பதால், அன்றே, அந்த மணியிலேயே மருத்துவமனைக்குப் போய், அழுத்தத்தில் டீசல் உள்ளே ஏறியதென்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

எவ்வளவு அடித்தும் ஏர் ஸ்க்ரூவில் குமிழ் நிற்காவிட்டால், டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில் எங்கோ காற்றை உறிஞ்சுகிறது. அந்தப் பகுதியில் உறிஞ்சும் வேலைதான் நடக்கிறது என்பதால் வெளியே டீசல் கசிவு தெரிய வேண்டும் என்பதில்லை; வெடித்த ரப்பர் குழாயும், பலமுறை பயன்படுத்தித் தட்டையான செம்பு வாஷரும், ஃபில்டர் கிண்ணத்தின் இறுகிப்போன ரப்பர் வளையமும் இதற்குக் காரணமாகும். ஐயம் தீர எளிய வழி, சுத்தமான ஒரு பாட்டிலில் டீசல் ஊற்றி, இன்ஜினுக்கு மேல் கட்டித் தொங்கவிட்டு, புதுக் குழாய் ஒன்றின் வழியே ஃபீட் பம்பின் நுழைவாயிலில் நேரடியாகக் கொடுப்பதுதான். அப்படி ஏர் எடுத்ததும் இன்ஜின் பிடித்து ஓடினால், பழுது டேங்க் பக்கத்தில் என்பது உறுதியாகிவிடும். பம்ப் தப்பித்தது, செலவும் தப்பித்தது.

பம்பின் ஏர் ஸ்க்ரூவரை டீசல் செழிப்பாக வந்தும், நாசில் நட்டைத் தளர்த்தினால் ஒரு சொட்டும் வரவில்லை என்றால், பம்பின் உள்ளே, டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் அல்லது பிளஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மைக்கோ பம்ப் என்று நம் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் வரிசைப் பம்பில், நீண்ட காலம் நின்ற பழைய டீசல் பிசினாக உறைந்து இப்படிச் செய்யும். ஸ்டாப் லீவரைக் கையால் பலமுறை முன்னும் பின்னும் அசைத்தால் சில நேரம் விடுபடும். சுத்தியலால் தட்டுவதும், மேல்மூடியைக் கழற்றிப் பார்ப்பதும் வேண்டாம். உள்ளே இருப்பவை மைக்ரான் கணக்கில் இழைத்த பாகங்கள்.

புகை வருகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால்

கரும்புகையானால் ஏர் ஃபில்டரைக் கழற்றுங்கள். எண்ணெய்க் கிண்ணம் உள்ள வகையில் எண்ணெய் சேறாகக் கெட்டியாகியிருக்கும். காகித வகையில் தூசி அப்பியிருக்கும். இவற்றைவிட வேடிக்கையானது, காற்றுக் குழாயின் வாயில் குளவி கட்டும் மண்கூடு. ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒரு கணம் செல்ஃப் அடித்துப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். தூசியை உறிஞ்சாதபடி உடனே மாட்டிவிட வேண்டும்.

வெள்ளைப் புகையானால், ஸ்டார்ட் செய்யுமுன் உள்ளே சூடேற்றும் ஹீட்டர் பிளக் உள்ள வண்டிதானா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஜப்பானிய வழிவந்த சிறு இன்ஜின்கள் பலவற்றில் டீசல் ஒரு தனி அறையில் பற்றுவதால், நம் சமவெளியின் காலை நேரத்திலும் அவற்றுக்கு ஹீட்டர் தேவைப்படும். ஊட்டி, கோத்தகிரி பக்கம் சொல்லவே வேண்டாம். பிளக்கின் வயரைக் கழற்றி, முனைக்கும் உடலுக்கும் இடையே மின்தடையை அளந்தால் நல்ல பிளக் ஓரிரண்டு ஓம் அளவில் காட்டும்; மீட்டர் அசையவே இல்லை என்றால் அது எரிந்துபோயிற்று. ஹீட்டர் உள்ள இன்ஜினில் ஈதர் ஸ்ப்ரே அடிப்பது வெடிவிபத்தை வரவழைக்கும். தீப்பந்தத்தைக் காற்றுக் குழாயில் காட்டும் வித்தையும் ஏர் ஃபில்டரோடு வண்டியையே கொளுத்திவிடக் கூடியது.

ஹீட்டர் சரியாக இருந்தும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டரில் காற்று இறுகும் அழுத்தத்தைச் சந்தேகிக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும் ஓசையைக் கேளுங்கள். மூன்று சிலிண்டரிலும் அழுத்தம் சமமாக இருந்தால் ஓசை சீராகத் தத்தித் தத்தி வரும். ஒன்றில் அழுத்தம் போயிருந்தால், அதன் முறை வரும்போது மட்டும் இன்ஜின் துள்ளி வேகமாகச் சுழலும். ஒற்றைச் சிலிண்டர் வண்டியில், வால்வைத் திறந்து அழுத்தத்தை விடும் டிகம்ப்ரஷன் லீவர் இருந்தால் அது முழுதாக மூடுகிறதா என்பதைப் பார்த்தாலே போதும். பிறகு வால்வுகளின் மேலுள்ள டேப்பட் மூடியைக் கழற்றி, ஸ்டாப் நாப்பை இழுத்து வைத்துக்கொண்டு, இன்ஜினைக் கையால் சுற்றி, ஒவ்வொரு வால்வும் இறங்கி ஏறுகிறதா என்று நோக்குங்கள். நின்று கிடந்த இன்ஜினில் வால்வு தண்டு துருவில் சிக்கித் திறந்தபடியே நிற்பதும், அதனால் வால்வை இயக்கும் புஷ் ராடு வளைந்து விலகுவதும் அடிக்கடி நடப்பவை. சிக்கிய தண்டில் டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து விட்டு ஓர் இரவு ஊறவைத்தால் பல நேரம் இளகும். டேப்பட் இடைவெளியை அந்த வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கே வைக்க வேண்டும். அடுத்த வீட்டு வண்டியின் அளவு ஆகாது.

இத்தனையும் சரியாக இருந்தால்தான் நாசிலும் பம்பும் பட்டறைக்குப் போக வேண்டும். நாசிலைக் கழற்றினால் அதன் அடியில் உள்ள செம்பு வாஷர் சிலிண்டர் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். பழையதன்மேல் புதியதை வைத்து மாட்டாமல் அதைத் தேடி எடுக்க வேண்டும். பம்பைக் கழற்றுமுன் அதன் ஃபிளாஞ்சிலும் இன்ஜின் உடலிலும் உள்ள டைமிங் குறி நேராக இருக்கிறதா என்று பார்த்து, குறி தெரியாவிட்டால் உளியால் மெல்லிய கோடு ஒன்று போட்டு, கைப்பேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். குழாய் முனைகளையும் பம்பின் வாய்களையும் உடனே சுத்தமான பிளாஸ்டிக் தாளால் கட்டிவிடுங்கள். பட்டறையில் புகை வந்ததா, என்ன நிறம், நாசில் நட்டில் டீசல் வந்ததா என்பதைச் சொன்னால், அவர்கள் பம்பைப் பிரிக்காமல் நாசிலை மட்டும் சோதித்துத் தரவும் வாய்ப்புண்டு.

இன்ஜின் பிடித்துவிட்டால் ஆக்சிலேட்டரை உடனே குறைத்து, ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைகிறதா என்று பாருங்கள். அணையாவிட்டால் நிறுத்திவிட வேண்டும். பத்து நிமிடம் ஓடிய பிறகு தளர்த்திய நட்டுகளையும் ஏர் ஸ்க்ரூக்களையும் துடைத்து, ஓர் அட்டைத் துண்டை அருகில் பிடித்துக் கசிவு படுகிறதா என்று சோதியுங்கள். எங்கேனும் ஈரம் பட்டால் இன்ஜினை நிறுத்திவிட்டு அந்த நட்டை மட்டும் இறுக்குங்கள்.